கத்தரிக்கோல் பக்கம்: உடையும் உடம்பும், வாசகர் கேள்விகள்

‘உடை பொருந்தவில்லை என்றால் முதலில் பேட்டர்னைச் சந்தேகப்படுங்கள்’ என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். பேட்டர்ன் என்றால் துணியை வெட்டுவதற்கு மேலே வைக்கும் காகித மாதிரி. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தையல் சந்தேகம் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லாம் தங்கள் உடம்பைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தார்கள். ஆயத்த ஆடைக் கம்பெனிகளில் 26 வருடம் பேட்டர்ன் வெட்டியவள் நான். அந்த மேஜையில் நின்று பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

போன வருடம் எனக்கு ‘எம்’ சரியாக இருந்தது. இப்போது வேறொரு கம்பெனியின் ‘எல்’ கூடத் தோளைத் தாண்டவில்லை. எடை இயந்திரம் பழைய எடையைத்தான் காட்டுகிறது. டிரையல் ரூமிலேயே அழுதுவிட்டேன். நான் பருத்துவிட்டேனா?
– வேலைக்குப் போகும் வாசகி, வயது 29

இல்லை அம்மா. எடை அதேதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாறியது கம்பெனி.

எம், எல் என்பதெல்லாம் அங்குலம் மாதிரி எங்கே போனாலும் ஒன்றாக இருக்கும் அளவு என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் முதலில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கும். ‘ஃபிட் மாடல்’ என்போம். அவர் உடம்பில் சரியாக உட்காரும்வரை ஒரே சட்டையை மூன்று நான்கு தடவை வெட்டித் தைத்துப் பார்ப்போம். உட்கார்ந்துவிட்டால் அதுதான் அடிப்படைப் பேட்டர்ன். மற்ற அளவுகளுக்கு ஆளை நிறுத்திப் பார்ப்பது அபூர்வம். அடிப்படைப் பேட்டர்னின் ஓரங்களைக் கணக்குப்படி வெளியே தள்ளினால் பெரிய அளவு. உள்ளே இழுத்தால் சிறிய அளவு. இதற்குப் பெயர் கிரேடிங். நீங்கள் போட்டுப் பார்த்த அந்த ‘எல்’, நீங்கள் பார்த்தே இராத ஒரு பெண்ணின் தோளைக் கணக்குப் போட்டு விரித்தது. அவருக்குக் குறுகிய தோளாக இருந்தால், உங்களுக்கு அது ஏறாது. அவ்வளவுதான் விஷயம்.

கிரேடிங்கில் இன்னொரு பெரிய கோளாறு உண்டு. உடம்பு பருக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பருக்காது. மார்பு நான்கு அங்குலம் கூடியவருக்குக் கழுத்தெலும்பு அகன்றுவிடாது. ஆனால் கணக்கு, கழுத்தையும் தோளையும் சேர்த்தே அகலப்படுத்துகிறது. அதனால்தான் பெரிய அளவுச் சட்டை தோளில் வழியும், மேல்கையில் இறுகும். கொஞ்சம் பருமனாக இருக்கும் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அதைத் தங்கள் கையின் குறை என்று நினைத்துக்கொள்வார்கள். பெரிய அளவுகளுக்குத் தனி ஃபிட் மாடல், தனி அடிப்படைப் பேட்டர்ன் வேண்டும் என்று நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கேட்டேன். ‘அந்த சைஸ் எத்தனை விற்கப்போகிறது?’ என்றார்கள். பொருந்தாததால் விற்கவில்லை. விற்காததால் சரிசெய்யவில்லை. எட்டு வருடம் அங்கே இருந்தேன், கடைசிவரை அந்தப் பேட்டர்ன் அப்படியேதான் இருந்தது.

பொது அளவு கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. 1939–40-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் எடை உட்பட 59 அளவுகள். ஆனால் கணக்குப் போடும்போது வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளை ஒதுக்கிவிட்டார்கள். அதன் அடிப்படையில் 1958-இல் ஒரு தர அளவு வந்தது, 1970-இல் திருத்தினார்கள், 1983-இல் அதையும் விலக்கிக்கொண்டார்கள். அந்தத் தர அளவைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லாததால், அவரவர் இஷ்டம்தான். சின்ன எண் எழுதினால் வாங்குகிறவர் மனம் குளிரும் என்று, அதே சுற்றளவுள்ள உடைக்கு எண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1958-இல் 12 என்று இருந்த உடையைவிட இன்றைய 12 எவ்வளவோ பெரியது.

உங்கள் மார்பு, இடை, இடுப்பு, தோள் அகலம், மேல்கைச் சுற்றளவு ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் டேப் கேட்டு வாங்கி உடையை அளந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அளவு லேபிளைக் கத்தரித்து எறிந்துவிடுங்கள். நான் என் உடைகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்கிறேன்.

ஃபேஷன் ஷோவில் வரும் மாடல்கள் ஏன் எல்லோரும் அவ்வளவு ஒல்லியாக இருக்கிறார்கள்? ஒல்லியாக இருந்தால்தான் துணி அழகாகத் தொங்கும் என்கிறார்களே, உண்மையா?
– கல்லூரி மாணவி

துணி அழகாகத் தொங்குவது வெட்டைப் பொறுத்தது. எந்த உடம்புக்கும் அழகாகத் தொங்கும்படி வெட்டலாம். அதற்கு நேரம் வேண்டும். நிஜமான காரணம் வேறு. ஒரு டிசைனுக்குச் சாம்பிள் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் தைப்பார்கள். அதே உடைதான் மேடைக்குப் போகும், அதே உடைதான் பத்திரிகைப் படப்பிடிப்புக்கும் போகும். உடை முதலில் தயாராகிறது, பெண்ணைப் பிறகு தேடுகிறார்கள். உடைக்குள் நுழையாத பெண்ணை அனுப்பிவிட்டு நுழைகிறவளைக் கூப்பிடுவது அவர்களுக்குச் சுலபம். உடையைப் பிரித்துத் தைப்பது செலவு.

இதன் விலையை அந்தப் பெண்கள் கொடுத்திருக்கிறார்கள். 2006 ஆகஸ்டில் உருகுவேயில் லூயிசெல் ராமோஸ் என்ற 22 வயது மாடல் மேடையில் நடந்துவிட்டு வந்ததும் இறந்துபோனார். அதே வருடம் நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன், வயது 21, பசியை மறுக்கும் நோயான அனோரெக்ஸியாவால் இறந்தார். இரண்டு மரணங்களுக்கும் நடுவில், செப்டம்பரில், மாட்ரிட் ஃபேஷன் வாரம், உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் 18-க்குக் கீழே இருப்பவர்களை மேடை ஏற்ற மறுத்தது. 2017-இல் எல்விஎம்எச், கெரிங் ஆகிய பெரிய ஃபேஷன் குழுமங்கள், மிகச் சிறிய அளவான பிரெஞ்சு அளவு 32-இல் பெண் மாடல்களைத் தேடுவதை நிறுத்துவதாகவும், 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிகளைப் பெரியவர்களாகக் காட்டுவதில்லை என்றும் எழுத்தில் ஒப்புக்கொண்டன. 15 வயதுச் சிறுமியின் இடுப்பைப் பார்த்துத்தான் 40 வயதுப் பெண் தன் இடுப்பை நொந்துகொண்டிருந்தாள் என்பதை இந்த ஒப்புதலே சொல்லிவிடுகிறது.

ஆன்லைனில் பார்க்கும்போது உடை மாடலுக்குக் கச்சிதமாக இருக்கிறது. எனக்கு அதே உடை சாக்கு மாதிரி இருக்கிறது. என் உடலமைப்பு சரியில்லையா?
– இரண்டு குழந்தைகளின் தாய்

நான் முதன்முதலாக ஒரு படப்பிடிப்புக்குச் சாம்பிள்களை எடுத்துப் போன நாளைச் சொல்கிறேன். நான் வெட்டிய கவுன் அது. அதன் ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும். மாடல் முன்னால் திரும்பி நிற்கிறார், இடையில் ஒரு சுருக்கம் இல்லை. ‘நாமா இவ்வளவு நன்றாக வெட்டினோம்!’ என்று எனக்குப் பெருமை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பிடரியிலிருந்து இடுப்புவரை வரிசையாகக் கிளிப்புகள், காகிதக் கட்டைப் பிடிக்கப் போடுவோமே, அந்த இரும்புக் கிளிப்புகள். எண்ணினேன், பதினொன்று. நான்கு அங்குலத் துணி முதுகில் மடிந்து கிடந்தது. கைகள் உப்பலாகத் தெரிய உள்ளே மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கிளிப் கழன்றுவிடும் என்று அந்தப் பெண் உட்காரவே இல்லை. இடைவேளையில் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தார். படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் இடையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்கள். கடைசியில் வெளிவந்த படத்தில் இருந்த கவுனை நான் வெட்டவே இல்லை. அப்படி ஒரு கவுனை யாராலும் வெட்ட முடியாது.

ஆகவே உங்களுக்கு வந்து சேர்ந்ததுதான் அசல் உடை. படத்தில் இருந்தது முதுகில் பதினொரு கிளிப் போட்ட உடை.

சில நாடுகள் இதற்குச் சட்டம் போட்டிருக்கின்றன. இஸ்ரேல் 2012-இல் முதலில் இயற்றியது. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரப் படத்தில் உடம்பை மெலிதாக்கினாலோ பருமனாக்கினாலோ ‘திருத்தப்பட்ட படம்’ என்று குறிப்பிட வேண்டும்; தவறினால் 37,500 யூரோ அபராதம். நார்வேயிலும் 2022 முதல் இப்படி ஒரு விதி இருக்கிறது. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் இந்த எச்சரிக்கை வரியைப் படித்த பிறகும் பார்க்கிறவர்களின் மனக்குறை குறையவில்லை என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அறிவு புரிந்துகொள்கிறது, கண் நம்பிவிடுகிறது. கிளிப் போட்ட முதுகை ஒரே ஒரு தடவையாவது காட்டியிருந்தால் அந்த வரியைவிட நூறு மடங்கு பலன் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

என் மகளுக்கு 15 வயது. ஆறு மாதமாக ‘பசியில்லை’ என்கிறாள். அண்ணனின் தொளதொள சட்டையைத்தான் போடுகிறாள். ஒரு நாளைக்கு நான்கு தடவை எடை பார்க்கிறாள். மாதவிலக்கும் இரண்டு மாதமாக வரவில்லை. ‘ஃபேஷன் பைத்தியம், சரியாகிவிடும்’ என்கிறார் என் கணவர். அவளுக்குப் பிடித்த மாதிரி ஒரு உடை தைத்துக் கொடுத்தால் மனம் மாறுமா?
– ஒரு தாய்

மாறாது அம்மா. உடையைப் பிறகு பார்க்கலாம். இந்த வாரமே அவளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பது, உடம்பை மறைக்கும் உடை, ஓயாமல் எடை பார்ப்பது, மாதவிலக்கு நிற்பது, இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அது பருவக் கோளாறு என்று விட்டுவிடக்கூடியது இல்லை. மனநோய்களில் உயிருக்கு மிக அதிக ஆபத்துள்ளவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று. மயக்கம் வருகிறதா, எப்போதும் குளிர்கிறது என்கிறாளா, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாளா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே, தாமதிக்காமல். உடல் மருத்துவரோடு மனநல மருத்துவரும் தேவைப்படுவார். சீக்கிரம் தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

உங்கள் கணவரிடம் ஃபிஜித் தீவின் கதையைச் சொல்லுங்கள். அங்கே கட்டுமஸ்தான, நிறைந்த உடம்பைத்தான் அழகு என்று கொண்டாடுவார்கள். 1995-இல் நாட்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர் அந்த வருடமும் மூன்று வருடம் கழித்தும் பள்ளி மாணவிகளிடம் கேட்டுப் பார்த்தார். 1995-இல் எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. 1998-இல் 100-க்கு 11 பேருக்கு மேல் சொன்னார்கள். ‘நான் ரொம்பப் பருமன்’ என்று அவ்வப்போதாவது நினைத்தவர்கள் 74 சதவீதம். அந்தச் சிறுமிகளுக்கெல்லாம் ஒரே சமயத்தில் பைத்தியம் பிடித்ததா? சுற்றிலும் இருந்த படங்கள் மாறின, அவ்வளவுதான். இப்போது அந்தப் படங்கள் கைக்குள்ளேயே இருக்கின்றன. தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த பருவப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியது என்று சொன்னதாக ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களிலேயே இருந்தது 2021-இல் வெளியானது.

வீட்டில் எடை இயந்திரத்தை எடுத்து வைத்துவிடுங்கள். ‘மெலிந்துவிட்டாய்’, ‘இப்போது பரவாயில்லை’ என்று எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டுமே அந்த நோய்க்குத் தீனி. உங்கள் வயிற்றைக் கிள்ளிப் பார்த்து நீங்கள் அலுத்துக்கொள்வதும் அவள் காதில் விழக்கூடாது. தொளதொள சட்டையைப் பிடுங்காதீர்கள், இப்போதைக்கு அது அவளுக்கு ஒரு கதவு மாதிரி. அவள் தேறி வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அவள் கேட்கும் உடையை நானே வெட்டித் தருகிறேன்.

ஆண்களும் எழுதலாமா? எனக்கு 22 வயது. விளம்பரங்களில் கோட் போட்ட ஆண்களுக்குத் தோள் விரிந்து இடை குறுகி ‘வி’ மாதிரி இருக்கிறது. இரண்டு வருடமாக ஜிம் போகிறேன், கண்ணாடியில் இன்னும் ஒல்லியாகவே தெரிகிறேன். ஜிம்மில் ஒருவர் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்.
– ஒரு வாசகர்

தாராளமாக எழுதலாம் தம்பி. எழுதியதற்கு நன்றி. ஆண்கள் இதை வெளியே சொல்வதே இல்லை.

அந்தக் கோட்டைப் பற்றி நான் சொல்கிறேன். தோளுக்குள் பஞ்சு அடைத்த பேட் இருக்கும். கையின் தலைப்பு எழும்பி நிற்க இன்னொரு பட்டை. நெஞ்சில் கேன்வாஸும் குதிரைமுடித் துணியும் அடுக்கடுக்காக வைத்துக் கையால் தைத்து, இஸ்திரிப்பெட்டியின் ஆவியில் நெஞ்சு வடிவத்துக்கு வளைப்பார்கள். பிறகு இடையில் பிடித்துத் தைப்பார்கள். அந்த ‘வி’ தையல்காரர் கட்டியது. யாருக்கும் கட்டித் தரலாம், உங்களுக்கும்தான். சட்டையில்லாமல் எடுக்கும் படங்களுக்கு முன்னால் தசைக் கோடு தெரிவதற்காகத் தண்ணீரைக் குறைப்பதும், படம் பிடிக்கும் நிமிடத்தில் தண்டால் எடுத்துத் தசையைப் புடைக்க வைப்பதும் வழக்கம். அடுத்த நாள் அவரே அப்படி இருக்கமாட்டார்.

ஊசி வேண்டாம். தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள் விரையைச் சுருக்கும், குழந்தைப்பேற்றைப் பாதிக்கும், இதயத்தைக் கெடுக்கும். தசை வளர்ந்த பிறகும் கண்ணாடியில் ஒல்லியாகவே தெரிவது ஒரு நோயாகவும் இருக்கலாம்; ஜிம்மைத் தவறவிட்டால் தாங்க முடியாத பதற்றம் வருகிறதா, அதற்காக நண்பர்களையும் வேலையையும் விடுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

குண்டாக இருப்பவர்கள் குறுக்குக் கோடு போட்ட உடை உடுத்தக்கூடாதாமே?
– வாசகி

உடுத்துங்கள். ஒரே சதுரத்தில் குறுக்குக் கோடுகள் போட்டால் அது உயரமாகத் தெரியும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி கண்டார். யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ப்சன் மனித உருவங்களில் சோதித்தபோதும் குறுக்குக் கோடு அகலப்படுத்தவில்லை.

குடும்ப ஆல்பத்தில் எல்லோரும் பளிச்சென்று இருக்க, நான் மட்டும் கண்ணும் பல்லும் மட்டுமாகத் தெரிகிறேன். கறுப்பாக இருப்பதால் போட்டோ என்றாலே ஒளிந்துகொள்வேன். பாட்டியான பிறகும் அந்த உணர்வு போகவில்லை.
– வாசகி, வயது 61

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் பேட்டர்ன் அறையில் நடந்ததுதான் ஃபிலிமிலும் நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஃபிலிம் தயாரித்த கோடாக் கம்பெனி, படம் கழுவும் கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி. மற்ற தோல்களை யாரும் அளவாக வைத்துக்கொள்ளவே இல்லை. சாக்லேட்டும் மர மேஜை நாற்காலியும் விற்றவர்கள், தங்கள் பொருளின் பழுப்பு நிற வித்தியாசங்கள் படத்தில் தெரியவில்லை என்று குறைப்பட்ட பிறகுதான் ஃபிலிமைத் திருத்தும் வேலை மும்முரமானது. பல நிறப் பெண்கள் உள்ள அட்டை 1990-களில்தான் வந்தது.

ஆல்பத்தில் உங்கள் முகத்தை இருட்டாக்கியது அந்த ஃபிலிம். ஒரு நாள் காலையில் ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில், முகம் ஜன்னலைப் பார்க்க உட்காருங்கள். பேரப்பிள்ளையை விட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

புதிதாகத் தையல் தொழிலுக்கு வந்திருக்கிறேன். அளவெடுக்க நிற்கும்போதே ‘நான் ரொம்ப குண்டு, தப்பா நினைக்காதீங்க’ என்று சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது அக்கா?
– ஓர் இளம் தையல்காரி

எனக்கு 13 வயதில் பள்ளிச் சீருடைக்கு அளவெடுத்தார்கள். அளவெடுத்தவர் ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்ல, மூலையில் உட்கார்ந்திருந்த பையன் நோட்டில் எழுதினான். என் இடுப்பு அளவு அவன் காதில் விழவில்லை. அவர் இன்னும் உரக்கச் சொன்னார். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மனிதரின் முகம் எனக்கு மறந்துவிட்டது, அந்த எண் மறக்கவில்லை. தையல் கற்க நான் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் முதலில், எண்ணை வாய்விட்டுச் சொல்லாதே. நீயே எழுது, நோட்டை உன் பக்கம் திருப்பி வைத்துக்கொள். தொடுவதற்கு முன்னால் ‘தோளில் டேப் வைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத் தொடு. எல்லோரும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். ‘மூச்சை விடுங்கள், சாதாரணமாக நில்லுங்கள், இல்லாவிட்டால் நான் இறுக்கமாகத் தைத்துவிடுவேன்’ என்று சொல், அது உண்மையும்கூட. அவர்கள் ‘குண்டு’ என்றால் ‘இல்லை இல்லை’ என்று மறுக்காதே, அது பொய் என்று அவர்களுக்குத் தெரியும். ‘எந்தச் சட்டை எங்கே பிடிக்கிறது, காட்டுங்கள்’ என்று கேள். பேச்சு உடம்பிலிருந்து சட்டைக்கு வந்துவிடும். கையைத் தூக்கச் சொல், உட்காரச் சொல், குனியச் சொல், அப்போதும் அளந்து பார்.

பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலமாவது துணி விட்டுத் தை. டெலிவரி கொடுக்கும்போது உடையை உள்பக்கம் திருப்பி அதைத் தொட்டுக் காட்டு. ‘இங்கே விட்டு வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், பிரித்துத் தருகிறேன்’ என்று சொல்லிக் கொடு.